ஓடும் நீருக்கு எல்லை ஏது?



மழை விட்ட ஒரு மாலை வேளையில், டயகமவில் ஏதேனும் ஒரு லயத்துப் பீலியடியில் நின்று பாருங்கள். குடம் நிரம்பி வழிந்த தண்ணீர் கானில் இறங்கி, தேயிலை மலையோரமாய்ச் சலசலத்து ஓடும். "தாத்தா, இந்தத் தண்ணி எங்க போகுது?" என்று பேத்தி கேட்டால், "ஆத்துக்குப் போகுது கண்ணு" என்று தாத்தா சொல்லிவிடுவார். "ஆறு எங்க போகுது?" என்று அவள் விடாமல் கேட்டால்? அந்த இரண்டாம் கேள்விக்கு விடை காண்பதே இவ்வாரப் பாடம்.

நகரத் திட்டமிடல் என்றவுடன், அது பொறியியலாளருக்கும் மந்திரிமாருக்கும் உரிய விஷயம் என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாம் குடிக்கும் நீரும், கொட்டும் குப்பையும், பிள்ளைகளை உறங்க வைக்கும் வீட்டின் பின்புறத்து மண்திட்டும் அதனுள் அடங்கும். இவற்றை ஒவ்வோர் ஊரும் தனித்தனியே சீர்செய்துவிட முடியாது. ஒரே பள்ளத்தாக்கில் வாழும் ஊர்கள் கூடித் திட்டமிட்டாலன்றி நன்மை விளையாது. இதுவே இப்பாடத்தின் சாரம்.

நீர் காட்டும் வழி

மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெரிய ஆறுகளுக்கும் நீர் தரும் தாய்மடி ஹோட்டன் சமவெளி. அதன் டயகமப் பக்கமாக இறங்கி வருவது ஆக்ரா ஓயா. அக்கரப்பத்தனை, லிந்துலை மலைகளின் நீரையெல்லாம் சேர்த்துக்கொண்டு, கீழே அது கொத்மலை ஓயாவாகப் பெருகுகின்றது. தலவாக்கலை நகரின் அருகிலேயே அதனை மறித்து மேல் கொத்மலை அணை கட்டப்பட்டுள்ளது. 2012ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய அத்திட்டத்தின் மின்னுற்பத்தித் திறன் 150 மெகாவாட். இன்னும் கீழே, மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் கீழ் எழுப்பப்பட்டு 1985இல் திறக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கம் இருக்கின்றது.

அங்கிருந்து நீர் மகாவலியில் கலந்து, கம்பளை, பேராதனை வழியாகக் கண்டியை அடைகின்றது. கண்டி மாநகர மக்கள் அருந்துவதும் இந்த ஆற்று நீரையே. 1976இல் கட்டி முடிக்கப்பட்ட பொல்கொல்ல அணைக்கட்டில் ஒரு பகுதி நீர் சுரங்க வழியே வடக்கே திருப்பப்பட்டு, வரண்ட பிரதேச வயல்களுக்குப் பாய்கின்றது. எஞ்சியது விக்டோரியா அணையைக் கடந்து, கிழக்கே திரும்பி, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கின்றது. இலங்கையின் மிக நீளமான ஆறாகிய மகாவலியின் நீளம் 335 கிலோமீற்றர்.

ஆகவே தாத்தா பேத்திக்குச் சொல்ல வேண்டிய முழு விடை இதுதான்: "நம்ம பீலித் தண்ணிதான் கண்ணு கொழும்புல விளக்கா எரியுது, கண்டியில குடிக்கிறாங்க, அனுராதபுரத்துல நெல்லா விளையுது, மூதூர்ல மீனா துள்ளுது."

நன்மை ஓடும் வழியிலேயே தீமையும் ஓடும். மரக்கறித் தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சி அடிக்கும் கிருமிநாசினி, மலைச்சரிவிலிருந்து கழுவப்படும் மண், கானில் வீசும் பொலித்தீன் பை, ஓயாக்கரையில் வெட்டிய மலசலகூடக் குழியின் ஊற்று ஆகிய யாவும் அதே பாதையில்தான் பயணம் செய்கின்றன. ஓடும் நீர் எந்தச் சபையின் எல்லைப் பலகையையும் வாசித்துப் பார்த்து நின்றுவிடுவதில்லை.

சட்டம் அறியாத நகரங்கள்

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நகரவாசிகள் நூற்றுக்கு 18.2 பேர் மட்டுமே. தோட்டங்களில் வாழ்வோர் நூற்றுக்கு 4.4 பேர். மற்றெல்லோரும் கிராமவாசிகள். நம் நாட்டில் நகரம் இவ்வளவு சிறிதா என்று வியக்க வேண்டாம். மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருந்தால்தான் அது நகரம் என்று கணக்கு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தோடு, பழைய பட்டின சபைகள் பிரதேச சபைகளுக்குள் அடங்கிப் போயின. அன்றிலிருந்து அவ்விடங்கள் கணக்கேட்டில் நகரமாக இல்லை.

கண்ணால் காண்பது வேறு. அக்கரப்பத்தனைக் கடைத்தெருவையோ கொட்டகலையையோ பார்த்துவிட்டு, இது நகரம் இல்லை என்று யார் சொல்வார்? கடை, வங்கி, பஸ் தரிப்பிடம், தனியார் வகுப்பு, கைத்தொலைபேசி திருத்தும் இடம் யாவும் உண்டு. நகரத்தின் நெரிசல் உண்டு. நகரத்துக்குரிய வடிகாலும் குப்பை ஒழுங்கும் மட்டும் குறைவு. ஒருபுறம் தோட்டக் காணி, மறுபுறம் ஓயா, நடுவே பாதை. வளர இடமில்லாமல் நம் சிறு நகரங்கள் பாதையோரமாய் வால் போல் நீளுகின்றன.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். தலவாக்கலை–லிந்துலை நகர சபையின் எல்லை சிறியது. ஆனால் சம்பள நாளன்று தலவாக்கலை வீதியை நிரப்புகிறவர்கள் யார்? டயகமவிலிருந்தும் மன்ராசியிலிருந்தும் அக்கரப்பத்தனையிலிருந்தும் பஸ்ஸில் வந்து இறங்கும் தோட்டத்து மக்களே. அவர்களுடைய பணத்தால் கடை நடக்கின்றது. அவர்களுடைய பிள்ளைகளால் வகுப்பு நிரம்புகின்றது. ஆயினும் அந்த நகரத்தில் மலசலகூடம் எங்கே அமைய வேண்டும், பஸ் நிலையம் எங்கே அமைய வேண்டும் என்று தீர்மானிக்கும் சபைக்கு அவர்கள் வாக்களிப்பதில்லை. மறுபுறம், அவர்களால் உண்டாகும் செலவுக்கு அந்த நகர சபைக்கு அவர்களிடமிருந்து வரியும் கிடைப்பதில்லை. இரு தரப்பிலும் நியாயமான முறைப்பாடு உண்டு. நகரம் ஓரிடத்தில், அதன் மக்கள் வேறிடத்தில் என்றிருக்கும்போது, தனிச் சபை எவ்வாறு நல்ல திட்டம் தீட்டும்?

எல்லைகள் பெருகிய கதை

மலையக மக்களுக்கு உள்ளூராட்சி கைக்கெட்டியது நெடுங்காலத்துக்குப் பின்னரே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம்மவரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் அக்கதைக்கு முடிவு வந்தது. வாக்குரிமை கிடைத்த பின்னரும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டத்துக்குள் தம் நிதியைச் செலவிட்டு வேலை செய்வதற்குத் தடையாக நின்றது. வாக்களித்துத் தெரிவு செய்த சபை, வாக்காளரின் லயத்துப் பாதையில் ஒரு கூடை கல்லைக் கொட்டவும் தயங்கியது. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டமே அந்த நிலையை மாற்றியது.

அதே காலத்தில் இன்னொரு மாற்றமும் வந்தது. நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு பிரதேச சபைகளும் ஒவ்வொன்றும் 2 லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்தன. இது பெரும் அநீதி என்று பல்லாண்டு முறையிட்டதன் பயனாக, அவ்விரண்டும் ஆறாகப் பிரிக்கப்பட்டன. நுவரெலியாவிலிருந்து அக்கரப்பத்தனை, கொட்டகலை சபைகளும், அம்பகமுவவிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா சபைகளும் பிறந்தன. 2018 பெப்ரவரி 10ஆம் திகதி அவற்றுக்கு முதல் தேர்தல் நடந்தது.

இது நல்ல மாற்றம். டயகமவிலுள்ள ஒரு தாய் தன் முறைப்பாட்டோடு நுவரெலியாவரை அலைய வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அலுவலகம் அருகே வந்தது, எல்லைக்கோடுகளும் கூடின. ஆக்ரா ஓயாவின் மேற்பகுதி ஒரு சபைக்கு, தலவாக்கலை நகரம் இன்னொரு சபைக்கு, கொத்மலை வேறொரு சபைக்கு. தோட்டக் காணியோ 1992இலிருந்து கம்பனிகளின் முகாமையில். வீடமைப்பில் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும் அமைச்சுக்கும் பங்கு. ஆறும் அணையும் வேறு திணைக்களங்களின் பொறுப்பில். ஒரே வீட்டை ஏழு பேர் பங்கு போட்டு, ஆளுக்கொரு சாவி வைத்திருப்பதைப் போன்ற நிலை இது. அருகில் வந்த சபைகள் ஒன்றோடொன்று கைகோக்காவிடில், பிரித்ததன் பயன் பாதியாகவே நின்றுவிடும்.

தனிச் சபையைத் தோற்கடிக்கும் இரண்டு

முதலாவது குப்பை. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தக் குப்பையின் பெரும்பகுதி கொழும்பு மாநகரத்தினுடையது. அது குவிக்கப்பட்ட இடமோ கொலன்னாவை நகர சபைப் பகுதி. ஓர் ஊர் தன் வாசலைக் கூட்டி அடுத்த ஊரின் வாசலில் குவித்தால், முடிவு என்னவாகும் என்பதற்கு அது சாட்சி. மலைநாட்டிலோ சமதரை மிகவும் அரிது. ஒவ்வொரு சபையும் தனக்கென ஒரு குப்பைமேடு தேடினால், அது ஏதாவது ஓர் ஓயாக்கரையிலோ, ஏதாவது ஒரு லயத்தின் தலைக்கு மேலோதான் முடியும். பல சபைகள் சேர்ந்து ஓரிடத்தை ஒழுங்காக நடத்தலாம் என்பதற்கு மேல் மாகாணத்திலேயே முன்மாதிரி உண்டு. கரதியான என்னுமிடத்தில் பல உள்ளூராட்சி மன்றங்களின் குப்பையை மாகாணக் கழிவு முகாமைத்துவ அதிகார சபை பொறுப்பேற்கின்றது. அங்கும் குறைகள் இல்லாமலில்லை. ஆயினும் பொறுப்பு யாருடையது என்பதாவது தெளிவாயிருக்கின்றது.

இரண்டாவது மண்சரிவு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை லயங்கள் மண்ணுள் புதைந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த இடம் ஆபத்தானதென்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை ஒருவர் கையில். காணி இன்னொருவர் கையில். வீடு கட்டும் பணம் மூன்றாமவர் கையில். உயிர் மட்டும் தொழிலாளியின் கையில். இம்மூன்று கைகளும் சேராததால் அந்த உயிர்கள் போயின. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் மடிந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைச்சரிவுகளே மிகுதியாகப் பலி கொண்டன.

இன்று மலையகத்தில் புதிய வீடுகள் எழுகின்றன. இந்திய உதவியுடன் 4,000 வீடுகள் தொடங்கப்பட்டு, மேலும் 10,000 வீடுகள் 2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டன. ஏழு பேர்ச் காணியில் சொந்த வீடு என்பது நான்கு தலைமுறைக் கனவு. அதனை வாழ்த்தி வரவேற்போம். ஆனால் வீடமைப்புத் திட்டம் ஒவ்வொன்றும் நாளைய ஊர் ஒன்றின் வித்து. விடுவிக்கப்பட்ட காணி எது என்பதை மட்டும் பார்த்து வீடு கட்டினால் போதுமா? அந்த மண் தாங்குமா, குடிநீர் எங்கிருந்து வரும், கழிவு நீர் எந்த ஓயாவில் விழும், பிள்ளைகள் எந்தப் பாடசாலைக்கு நடப்பார்கள் என்பவற்றையும் முதலிலேயே கேட்க வேண்டாமா?

சுரங்கத் தொழிலாளரின் ஆறு சொல்லும் பாடம்

இவ்வாறு பல ஊர்கள் சேர்ந்து திட்டமிடல் நடக்கக்கூடிய காரியமா என்று சிலர் ஐயுறலாம். ஜெர்மனியின் ரூர் பிரதேசத்துக்குச் சற்றுச் சென்று வருவோம். அதுவும் நம் மலைநாட்டைப் போலவே தொழிலாளர் பூமி. அங்கே தேயிலைக்குப் பதில் நிலக்கரி. லயங்களுக்குப் பதில் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகள். அவற்றின் நடுவே எம்ஷர் என்னும் சிற்றாறு ஓடியது. நிலக்கரியைத் தோண்டத் தோண்ட நிலம் தாழ்ந்தது, ஆறு தேங்கியது, பல நகரங்களின் மலக்கழிவும் சுரங்கக் கழிவும் குடியிருப்புகளின் வாசலில் நின்று நாறின. தொற்றுநோய் பரவியது. ஒவ்வொரு நகரமும் தன் கழிவைக் கீழே தள்ளிவிட்டுக் கைகழுவப் பார்த்ததே அன்றிப் பயனில்லை.

கடைசியில் 1899ஆம் ஆண்டு, அந்த ஆற்றுப் படுகையின் நகரங்களும் சுரங்கக் கம்பனிகளும் ஆலைகளும் சேர்ந்து எம்ஷர் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தன. அதன் எல்லை எந்த நகரத்தின் எல்லையுமன்று; ஆற்றின் நீரேந்து பிரதேசமே அதன் எல்லை. அதிகம் அழுக்காக்குகிறவர் அதிகம் கொடுக்க வேண்டும் என்பது அதன் விதி. கம்பனிகளும் அங்கத்தவர், கம்பனிகளும் செலவு கொடுக்க வேண்டும். இதனைத் தொடர்ந்து 1920இல் ரூர் பிரதேச நகரங்கள் மற்றொரு கூட்டமைப்பையும் நிறுவி, நகரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகாதபடி நடுவே பசுமை நிலங்களைக் காத்தன. வீதிகளைச் சேர்ந்து திட்டமிட்டன.

எல்லாம் உடனே நிறைவாகிவிடவில்லை. நிலம் தாழ்ந்துகொண்டிருந்ததால் நிலத்தடிக் குழாய் போட வழியின்றி, நெடுங்காலம் எம்ஷர் திறந்த சாக்கடையாகவே ஓடியது. சுரங்கங்கள் ஓய்ந்த பின், 1990களில் அந்தச் சங்கமே ஆற்றை மீட்கும் வேலையைத் தொடங்கி, 51 கிலோமீற்றர் நீளமான நிலத்தடிக் கழிவுக் குழாயை அமைத்தது. 2021ஆம் ஆண்டு முடிவில் எம்ஷரில் கழிவு நீர் விழுவது நின்றது. நூற்றிருபது ஆண்டு உழைப்பு! தேர்தலுக்குத் தேர்தல் மாறும் ஒரு சபையால் இவ்வளவு நீண்ட வேலையைத் தொடர முடியாது. எல்லோரையும் அங்கத்தவராக்கிய நிலையான அமைப்பினாலேயே அது கைகூடியது.

பள்ளத்தாக்கே ஊர்

நகரத் திட்டமிடலின் தந்தையருள் ஒருவரென மதிக்கப்படும் பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொட்லாந்து அறிஞர் 1914இல் சென்னைக்கு வந்து, மதுரை உட்படத் தமிழ் நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். 1921இல் கொழும்புக்கும் ஒரு திட்டம் வரைந்தார். மலையுச்சியிலிருந்து கடற்கரைவரை செல்லும் ஆற்றுப் பள்ளத்தாக்கை முழுதாகப் பார்த்தாலன்றி ஒரு நகரத்தை விளங்கிக்கொள்ள முடியாது என்பது அவர் போதித்த பாடம்.

தமிழருக்கு இது புதிதா? குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தையும் தொழிலையும் வாழ்வையும் சேர்த்தே பார்த்தவர் நம் முன்னோர். டயகமக் குறிஞ்சியில் பிறக்கும் நீர், வடமத்திய மாகாண மருதத்தில் நெல்லாகி, கொட்டியார நெய்தலில் கடலாகின்றது. குறிஞ்சி கெட்டால் மருதமும் நெய்தலும் பிழைக்குமா? ஆகவே, மலையைக் காக்கும் செலவை மலைவாழ் ஏழையின் தலையில் மட்டும் சுமத்துவது நீதியன்று. கீழே மின்சாரமும் குடிநீரும் பெறுகிறவர்கள், மேலே வடிகாலுக்கும் மலசலகூடத்துக்கும் பாதுகாப்பான வீட்டுக்கும் பங்கு கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

இதையொட்டித் திருச்சபையின் போதனையிலும் ஒரு வார்த்தை உண்டு. 1971ஆம் ஆண்டு பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் வெளியிட்ட 'ஒக்தோஜேசிமா அத்வேனியென்ஸ்' என்னும் திருமடல், நகரங்களின் கட்டுக்கடங்காத வளர்ச்சியைச் சமூக நீதியின் கேள்வியாகவே எடுத்துரைத்தது. சிறிய அமைப்பு செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறிக்கலாகாது. சிறியதால் இயலாதவிடத்துப் பெரியது துணை நிற்க வேண்டும் என்பதும் திருச்சபை 1931இலிருந்து வலியுறுத்தி வரும் கொள்கை. லயத்துக் கானைச் சபை பார்க்கட்டும். ஆற்றைப் பள்ளத்தாக்கு முழுவதும் சேர்ந்து பார்க்கட்டும்.

நம்மால் ஆவது என்ன?

முதலாவதாக, அக்கரப்பத்தனை, தலவாக்கலை–லிந்துலை, கொட்டகலை, நுவரெலியா, கொத்மலைச் சபைகள் ஆக்ரா ஓயா, நானு ஓயா, கொத்மலை ஓயாப் பள்ளத்தாக்கிற்கென ஒரு கூட்டுக் குழு அமைக்க வேண்டுமென்று நாம் கேட்க வேண்டும். வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவர் எக்கட்சியினராயினும், "பாதை போட்டுத் தருவீர்களா?" என்பதோடு, "பக்கத்துச் சபையோடு சேர்ந்து என்ன செய்வீர்கள்?" என்றும் கேளுங்கள்.

இரண்டாவதாக, அந்த மேசையில் தோட்டக் கம்பனிகளும் மின்சாரசபையும் அமர வேண்டும். காணியும் ஆற்றின் பயனும் அவர்கள் கையில் இருப்பதால், பொறுப்பிலும் பங்கு வேண்டும். லயத்து மக்களின் பிரதிநிதிகளும், முக்கியமாகப் பெண்களும் அமர வேண்டும். எந்தப் பீலி எந்த மாதத்தில் வற்றும், எந்தத் திட்டு மழைக்கு அசையும் என்பது கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குத் தெரியும் அளவு வேறு யாருக்குத் தெரியும்?

மூன்றாவதாக, மண்சரிவு அபாய வரைபடம் ஒவ்வொரு பாடசாலையிலும் பிரட்டுக்களத்திலும் தமிழில் தொங்க வேண்டும். புதிய வீடு, புதிய கடை, புதிய ஹோட்டல் எதுவாயினும் அந்த வரைபடத்தைப் பார்த்த பின்னரே அத்திவாரம் வெட்டப்பட வேண்டும்.

நான்காவதாக, நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். உக்கும் குப்பையை மரக்கறிப் பாத்திக்கும், உக்காததைச் சேகரிப்புக்கும் பிரித்து வைப்போம். ஓயாவில் எதையும் எறியாதிருப்போம். இது சிறு செயல்தான். ஆனால் மேலே இருப்பவன் சுத்தமாயிருந்தாலன்றிக் கீழே இருப்பவனிடம் நியாயம் கேட்க முகமிராது.

அன்பர்களே, நெடுங்காலம் நம்மவரைப் பற்றி மற்றவர்களே திட்டம் போட்டார்கள். எங்கே லயம், எங்கே பீலி, எங்கே ஆலை என்று துரைமார் கோடு கிழித்தார்கள். நாம் கோட்டுக்குள் வாழ்ந்தோம். இன்று வாக்கும் சபையும் நம் கையில் உண்டு. கிழித்த கோடுகளுக்குள்ளேயே இன்னும் சண்டையிட்டுக் கொண்டிருப்போமா, அல்லது ஆறு காட்டும் வழியில் அயலவரோடு கைகோப்போமா?

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் வீட்டுக் கழிவு நீர் எந்தக் கானில் விழுந்து எந்த ஓயாவைச் சேர்கின்றது? பிள்ளைகளோடு ஒருநாள் அதன் வழியே நடந்து பாருங்கள்.

2. நாம் அடிக்கடி செல்லும் நகரம் எந்தச் சபைக்கு உரியது? நம் வாக்கு எந்தச் சபைக்கு உரியது?

3. நமக்கு மேலே வாழ்கிறவர் யார்? கீழே வாழ்கிறவர் யார்? இருவரிடமும் நாம் எதிர்பார்ப்பது என்ன? அவர்களுக்கு நாம் கடன்பட்டிருப்பது என்ன?